எரிக்கக் கொடுக்காத குருத்தோலைகள்

மகளே,

நீ புதுச்சேரியில் உன் அத்தை வீட்டில் இருக்கிறாய். இந்நேரம் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருப்பாய். நான் காரைக்காலில் நம் வீட்டுக் கூடத்தில், நீ பரீட்சைக்குப் படித்த மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று குருத்தோலை ஞாயிறு. வரும் ஞாயிறு உயிர்ப்புத் திருநாள். அது கழிந்த புதன்கிழமை உனக்குக் கல்யாணம். என் எதிரில் நீ ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போன கவர் இருக்கிறது. நெரவிப் பள்ளிக்கூட வேலையை விட்டு விலகுவதாக நீ எழுதிய கடிதம் அதற்குள் இருக்கிறது. "லீவு முடிஞ்சதும் மல்லிகா டீச்சர்கிட்ட குடுத்துடும்மா, எனக்கு நேர்ல குடுக்க ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அந்தக் கவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் உன் பெயரை எங்கும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதப்போவதில்லை. நம் வீட்டைப் போன்ற வீடு இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு இருக்கிறது. வேண்டியவர்கள் யாராவது படித்தால் படிக்கட்டும். உன் அப்பாவும் படிப்பார். அவர் படிக்கட்டும் என்றே ஓர் இடத்தை எழுதப்போகிறேன்.

ஒவ்வொரு வருடமும் தவக்காலம் தொடங்கும்போது நம் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விடுவோம். நீ சின்னவளாக இருந்தபோது முறுக்கை விட்டாய். ஒரு வருடம் கோபத்தை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே என் சீப்பை இரண்டாக உடைத்தாய். நான் காப்பியை விட்டிருக்கிறேன், பூ வைப்பதை விட்டிருக்கிறேன், மீனை விட்டிருக்கிறேன். கடல் காற்றிலேயே மீன் வாசம் இருக்கும் ஊரில் மீனை விடுவது லேசில்லை. நாற்பது நாள் கழித்து எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். பங்குனியில் வேப்பமரம் இலையெல்லாம் கொட்டிவிட்டுப் புதுத் தளிர் விடுகிறது, மனுஷர்களாலும் அப்படி முடியும் என்று பூசையில் சாமியார் சொல்லும்போது நான் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் யாரிடமும் சொல்லாமல் ஒன்றை வருடாவருடம் விடப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்கு, தபால்காரர் நம் தெருவுக்குள் திரும்பும் நேரத்தில், வாசலில் போய் நிற்பது. அதிகபட்சமாக ஒரு வருடம் பத்தொன்பது நாள் நிற்காமல் இருந்தேன். இருபதாம் நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனவள், பால் பொங்கி அடுப்பு அணையும் சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தேன்.

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனபோது உனக்கு இரண்டு வயது. அவர் புறப்பட்டதும் ஒரு குருத்தோலை ஞாயிறுதான். காலைப் பூசையில் மந்திரித்துக் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்து, வழிக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவர் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் அதை எடுத்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தார். "இது இங்கயே இருக்கட்டும். அடுத்த குருத்து ஞாயித்துக்கு நீயும் பாப்பாவும் அங்க இருப்பீங்க. வர்றப்ப எடுத்துக்கிட்டு வா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை இன்றுவரை நம்புகிறேன். அந்த ஓலையைத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். அடுத்த தவக்காலத்துக்கு முன்னால் அதைக் கோயிலில் கொடுத்திருக்க வேண்டும். எல்லா வீட்டிலிருந்தும் பழைய ஓலைகளை வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தானே திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் இடுகிறார்கள். நான் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறாரே, எரிக்கக் கொடுத்துவிட்டு எதை எடுத்துக்கொண்டு போவது? அந்த வருடத்து ஓலையையும் அதன் பக்கத்தில் செருகினேன். அதற்கு அடுத்த வருடத்து ஓலையையும்.

பெட்டியை உனக்கு நினைவிருக்கும். கட்டிலுக்கு அடியில் இருந்த பச்சை டிரங்குப் பெட்டி. அதில் உனக்கு மூன்று வயதுக்கு அளவாக நான் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. அது சின்னதாகிவிட்டதும் ஏழு வயது அளவுக்கு ஒன்று. பிறகு பதினோரு வயது அளவுக்கு ஒன்று. ஒருநாள் சித்திரை வெயிலில் அளவு பார்க்க வேண்டும் என்று உனக்கு அதைப் போட்டுக் கழுத்துவரை பொத்தானையும் மாட்டிவிட்டேன். உனக்கு மூச்சு முட்டி, கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்தது. அன்று வாசல் பக்கம் வந்த மீன்காரம்மா உன்னைப் பார்த்துவிட்டு, "என்ன பாரீசம்மா, அங்க இன்னிக்கு பனி ஜாஸ்தியோ? இங்க வெயிலு மண்டையப் பொளக்குது, புள்ளைய அவிச்சுப்புடாதீங்க" என்றாள். பக்கத்து வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்துதான் எனக்கு அந்தப் பெயர். திருச்சியில் விடுதியில் தங்கிப் பி.ஏ. படித்தவள், பி.டி. முடித்தவள், காரைக்காலுக்கு வடக்கேயும் திருச்சிக்கு மேற்கேயும் அதிகம் போகாதவள், பாரீசம்மா. எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் காலத்தில் நம் வீட்டில் எதற்கும் ஒரே பதில்தான், நாம்தான் போகப்போகிறோமே. சுவரில் காரை பெயர்ந்தால், போகப்போகிறோமே. கொல்லையில் மல்லிகா கொண்டுவந்து கொடுத்த முருங்கைப் போத்தை நடாமல் சுவரில் சாய்த்து வைத்து அது காய்ந்துபோனதற்கும் அதே காரணம். உனக்கு ஆறு வயதில் எனக்கு நெரவிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஆர்டர் வந்தது. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். மல்லிகா என்னோடு பி.டி. படித்தவள், நெரவியிலேயே பிறந்தவள். அவளுக்கு ஆர்டர் வரவில்லை, எனக்கு வந்திருந்தது. சுரக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே வியர்வையோடு வந்து நம் கூடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டாள்.

"ஆறு மாசந்தான இருப்பேன், எதுக்கு மல்லிகா?"

"ஆறு மாசம் பாடம் எடுத்துட்டுப் போயேன்டி. புள்ளைங்க என்ன ஒன்னக் கட்டியா போட்டுவைக்கப் போவுது?"

"நடுவுல போக வேண்டி வந்தா?"

"வந்தா போ. நடுவுல செத்துப்போனாக்கூடத்தான் போகணும். அதுக்காக இன்னிக்கு சோறு திங்காம இருக்கியா?"

நான் சேரவில்லை. அந்த இடம் அடுத்து அவளுக்குப் போயிற்று. இன்று அவள் அங்கே தலைமையாசிரியை, நீ அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறாய். ஒருநாள்கூட அவள் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவள் வீட்டு முருங்கை காய்க்கும்போதெல்லாம் ஒரு கட்டு எனக்கு வந்துவிடும். அதை நறுக்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று உனக்குச் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியவில்லை.

எனக்கு நான் செய்துகொண்டதை மன்னித்துவிடலாம். உனக்குச் செய்தது அப்படியில்லை. ஒன்பது வயதில் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கும்மிப் பாட்டில் உன்னை நடுவில் நிற்கத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நீ ஓடிவந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிடு என்றேன். ஏன் என்று கேட்டாய். நடுவில் நாம் போகவேண்டி வந்தால் மற்ற பிள்ளைகளுக்குக் கஷ்டம், ஆட்டம் கெட்டுப்போகும் என்றேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் மனம் மாறியிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். விழா நாளில் நீ கூட்டத்தின் கடைசியில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விரல்களால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த வருடத்திலிருந்து உன்னை எதற்குக் கூப்பிட்டாலும் நீயே முந்திக்கொண்டு, "நாங்க போகப்போறோம் டீச்சர்" என்று சொல்லிவிடுவாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வாக்கியத்தை ஒரு குழந்தைக்கு மனப்பாடம் செய்து கொடுத்தவள் நான்.

இனி எழுதப்போவதை உன் அப்பா படிக்க வேண்டும்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவிடமிருந்து தடித்த கவர் ஒன்று வந்தது. குடும்பத்துக்கு வீடு கிடைத்துவிட்டது, உள்ளே இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, நம் இருவருடைய போட்டோவையும் வைத்து, இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். பத்து வருடமாக வாசலில் நின்று எதிர்பார்த்த கவர் அது. அதை வாங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை மகளே. நாளைக்கு ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் மழை. பிறகு உன் அரையாண்டுப் பரீட்சை. ஒருநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசல்வரை போய், உனக்குச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். எதற்கு வந்தோம் என்று நீ கேட்டாய். சோடா குடிக்கத்தான் என்றேன். இரண்டு மாதம் கழிந்தது. அனுப்பிவிட்டேன் என்று அப்பாவுக்கு எழுதினேன். தபாலில் தொலைந்துபோயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த வீடு வேறொருவர் குடும்பத்துக்குப் போயிற்று. அப்பாவை வேறு தேசத்துக்கு மாற்றினார்கள். "இன்னும் கொஞ்ச வருஷந்தான, பென்ஷன் வாங்கிக்கிட்டு நானே வந்துடுறேன்" என்று எழுதினார். அந்தப் படிவம் இன்னும் பச்சைப் பெட்டியின் அடியில், காகிதத்துக்குக் கீழே இருக்கிறது.

ஏன் செய்தேன் என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். போகிற ஊரின் பாஷை தெரியாத பயம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். உன் அப்பாவின் முகம் மறந்துபோயிருந்தது என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் கொஞ்சம் உண்மை. முழு உண்மை இதுதான்: எனக்குக் காத்திருக்கத்தான் தெரிந்திருந்தது. அதில் நான் தேர்ந்துவிட்டேன். ஒரு நாளை எப்படித் தொடங்குவது, பதினொரு மணிவரை எப்படி ஓட்டுவது, பதினொரு மணிக்கு மேல் வரும் வெறுமையை எங்கே வைப்பது, எல்லாம் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டால் உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்காக உன் வாழ்க்கையின் திசையையும், ஒரு மனுஷனின் ஆறு வருடத்தையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தைக்கு இவ்வளவையும் தூக்கும் பலம் இல்லை.

அப்பா வந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் வந்ததும் நான் புது மனுஷி ஆகிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரு வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நடந்தோம். அவர் தன் தட்டைத் தானே கழுவி வைப்பார். ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டு கேட்பார். அவர் வந்து எட்டோ பத்தோ நாள் இருக்கும், காலையில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, "இன்னிக்கும் ஒண்ணும் இல்லைங்கம்மா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து அப்பா வந்து என் பின்னால் நின்றார்.

"யாருக்காக நிக்கிற?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் உள்ளதான இருக்கேன்" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மறுநாளும் நின்றேன். அந்த வருடத்துக் குருத்தோலையையும் படத்துக்குப் பின்னால் செருகினேன். எடுத்துக்கொண்டு வரச் சொன்னவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் இன்னும் எடுத்துக்கொண்டு போகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம் செத்துப்போன பிறகும் பழக்கம் உயிரோடு இருக்கும் மகளே. அதற்குச் சோறுகூடப் போட வேண்டியதில்லை.

இந்த வருடம் தவக்காலத்துக்கு முந்தின வாரம் ஒரு முடிவோடு படத்தை இறக்கினேன். சம்பா அறுத்து முடித்து, ஊரே கழுவித் துடைத்த மாதிரி இருந்த நாட்கள். நானும் கழுவித் துடைக்கலாம் என்று தோன்றியது. ஓலைகளைத் தரையில் பரப்பி எண்ணினேன். இருபது இருக்க வேண்டும். இருபத்தொன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். என் ஓலைகள் எல்லாம் ஒரே மாதிரி, வெறுமனே குறுக்கே மடித்துச் செருகியவை. ஒன்று மட்டும் நுனியைப் பின்னலாகப் பின்னி, நடுவில் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. அது உன் கை. நீ உன் ஓலையை வருடாவருடம் தவறாமல் கோயிலில் கொடுத்துவிடுகிறவள். போன வருடத்து ஓலையை மட்டும் கொடுக்கவில்லை. போன வருடம்தான் உனக்கு நிச்சயமாகி, மாப்பிள்ளை பிரான்சுக்குத் திரும்பிப் போனார். மே மாதம் கல்யாணம் என்றார், லீவு கிடைக்கவில்லை. டிசம்பர் என்றார், அப்போதும் இல்லை. நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்லவில்லை. உன் அப்பாவும் நல்லவர்தான்.

அந்த ஓலையைத் தனியே எடுத்து வைத்தேன். பிறகு என்னுடைய இருபதையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பழைய ஓலைகளை வாங்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுக்கு ஒரு ஓலைதான் வாங்குறது. நீங்க தோப்பையே தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். நானும் சிரித்தேன். திருநீற்றுப் புதனன்று வரிசையில் நின்று சாம்பல் வாங்கினேன். திரும்பும்போது பார்த்தேன், தையற்காரர் நெற்றியில், மீன்காரம்மா நெற்றியில், பள்ளிப் பிள்ளைகள் நெற்றியில், உன் அப்பா நெற்றியில், எல்லோர் நெற்றியிலும் என் இருபது வருடம் இருந்தது. அவ்வளவு பேர் நெற்றியிலும் அது கொஞ்சூண்டுதான் இருந்தது. அன்று இரவு முகம் கழுவியிருப்பார்கள். மறுநாள் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நான் வாசலில் நின்றேன்.

அதனால் இந்தக் கடிதத்தில் நான் ஜெயித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே. தோற்றவள்தான் சொல்கிறேன். போன மாதம் மல்லிகா வந்திருந்தாள். வரும் வருடத்துக்குப் பத்தாம் வகுப்பை எடுத்துக்கொள் என்று உன்னிடம் சொன்னாளாம். "நடுவுல போக வேண்டி வந்தா என்ன டீச்சர் பண்றது?" என்று நீ கேட்டாயாம். மல்லிகா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தாள். "ஒன் வார்த்தை மாறாம அப்படியே சொல்றாடி. எனக்கு ஒடம்பு புல்லரிச்சுப் போச்சு" என்றாள். புதுச்சேரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ என்னிடம் கம்பளிச் சட்டை பின்னக் கற்றுக்கொடு என்று கேட்டாய். ஊசி தேடுவதாகச் சொல்லி உள்ளே போனேனே, ஊசி என் கையிலேயே இருந்தது.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை கூப்பிடும்போது போகாதே என்றும் சொல்லவில்லை. படிவம் வந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள், அந்த ஒன்றில் என்னைப் போல் இருக்காதே. ஆனால் கல்யாணம் முடிந்து இருபத்தைந்து நாளில் அவர் போய்விடுவார். மூன்று மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார். அது மூன்று மாதமாகவே இருக்கட்டும். அந்த மூன்று மாதமும் உன்னுடைய மாதங்கள். யாரோ வந்து திறக்கும்வரை மூடி வைக்கிற பெட்டி இல்லை அவை. பத்தாம் வகுப்பை எடு. நடுவில் போனால் இன்னொருத்தி மிச்சப் பாடத்தை நடத்துவாள். பாதிப் பாடம் நடத்தியவள் என்று உன்னை நாலு பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். என்னை எந்தப் பிள்ளையும் எதற்கும் நினைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் அம்பகரத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் உன் சிநேகிதியைப் பார். சண்டை போடு. நடுவில் நிற்கக் கூப்பிட்டால் போய் நில். எந்த வீட்டில் இருக்கிறாயோ அந்த வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடி. இதையெல்லாம் செய்தால் அவர்மேல் பிரியம் குறைந்துவிடாது. நான் அப்படித்தான் பயந்தேன். நின்று காத்தால்தான் பிரியம் என்று நினைத்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. உன் கல்யாண நாள் முடிவானபோது என் மனதில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. உனக்கு நல்லது நடக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. நீ வெளிநாடு போனால் எனக்குக் கடிதம் எழுதுவாய். பதினொரு மணிக்கு வாசலில் நிற்க எனக்கு மறுபடியும் ஒரு காரணம் கிடைக்கும், இந்தத் தடவை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மகளைப் பிரியப்போவதில் சந்தோஷப்பட்டது நானில்லை, அந்தப் பழக்கம்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். அதற்கும் எனக்கும் நடுவில் இப்போது எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நேற்று பூசை முடிந்து புது ஓலையோடு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் கை தானாக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டது. அது இப்போது அங்கேதான் இருக்கிறது. எனக்கு இனி வசந்தம் எதையும் செய்யாது. நாற்பத்தைந்து வயதில் இதை எழுதுகிறவளுக்கு அழுகைகூட வரவில்லை.

உன் ராஜினாமாக் கடிதத்தை நான் மல்லிகாவிடம் கொடுக்கப்போவதில்லை. கிழிக்கவும் மாட்டேன். ஒரு காகிதத்தைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து நான் செய்தது போதும். அந்தக் கவரையும், நீ பின்னிய அந்த ஓலையையும் இந்தக் கடிதத்தோடு வைத்து நாளைக்குப் புதுச்சேரிக்கு அனுப்புகிறேன். கொடுப்பதென்றால் நீயே பஸ் ஏறிப் போய், தலைமையாசிரியை அறையில் மல்லிகாவின் முகத்தைப் பார்த்துக் கொடு. ஓலையை எரிப்பதா வைத்துக்கொள்வதா என்பதையும் நீயே பார்த்துக்கொள். ஒன்றே ஒன்று மட்டும். அதன் பக்கத்தில் இரண்டாவது ஒன்றைச் செருகப் போகும்போது, ஒரு நிமிஷம் கையை நிறுத்தி என்னை நினைத்துக்கொள்.

அப்பா கூடத்துக்கு வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். முடித்ததும் தருகிறேன் என்றேன். சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் தடவையாக அவர் எனக்காகக் காத்திருக்கிறார்.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கிறது. நான் எழுந்திருக்கவில்லை என்று எழுதத்தான் ஆசைப்படுகிறேன்.

அம்மா